சிற்றூர்க் கோயிலும் சிறைக்கைதிகளும்

நம் தமிழ்மக்கள் கிறிஸ்துவர் தொழுமிடம் எதுவாயினும் அதனை "மாதா கோயில்" என்றே வழங்கி வருகின்றனர். கத்தோலிக்கர் ஆலயத்திற்கு அப்பெயர் பொருந்தும். ஆங்கிலத் திருச்சபையார் ஆலயத்திற்கு அத்துணைப் பொருந்தாது. ஆயினும் பெயரைப் பற்றி வழக்காடுவது நம் நோக்கமன்று. கூர்ங்கோபுரமும், வண்ணக் கண்ணாடிச் சாளரமும், மணியும், சுற்றிலும் பசும்புல் வெளியும் உடைய அத்தகைய கட்டடத்தைக் கண்டமாத்திரத்தே, "இது வெள்ளைக்காரன் கட்டியது" என்று சொல்லி அப்பாற் செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. தோட்டத்திலிருந்து நகர் பார்க்க வந்த பாட்டன் அவ்வாறு சொன்னான். நகரிலேயே பிறந்து கல்லூரியிற் பயின்ற பேரனும் அவ்வாறே சொல்கின்றான். கட்டுவித்தவன் யார், கட்டியவன் யார் என்பன இருவேறு வினாக்கள். இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டமையால் எவ்வளவு உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துபோயிற்று என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இங்கிலாந்து தேசத்துச் சிற்றூருக்குச் செல்வோம். அந்நாட்டார் "பாரிஷ்" என்று கூறுவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊரெல்லையை. பத்தாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குள் இவ்வேற்பாடு நாடெங்கும் பரவி நிலைபெற்றது. நிலக்கிழான் தன் நிலத்தில் ஒரு கோயிலை எழுப்புவான். அதற்கொரு குருவை அமர்த்துவான். ஊரார் தம் விளைச்சலிற் பத்தில் ஒரு பங்கை அக்கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். நெல்லில் மேல்வாரம் அளந்த தஞ்சைக் குடியானவனுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோதுமைக்கட்டில் பத்தாவது கட்டும், ஆட்டுக்குட்டியில் பத்தாவது குட்டியும் குருவின் களஞ்சியத்தையும் தொழுவத்தையும் சேர்ந்தன. 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பொருளாகச் செலுத்துவது ஒழிந்து பணமாகச் செலுத்தும் முறை ஏற்பட்டது. ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. 1601ஆம் ஆண்டு எலிசபெத்து அரசியின் காலத்துச் சட்டப்படி ஊரிலுள்ள ஏழைகளையும் முதியோரையும் காப்பாற்றும் பொறுப்பு அந்தப் பாரிஷின்மேல் சுமத்தப்பட்டது. அதற்கென வரியும் தண்டினர். கோயிலின் எல்லையே கஞ்சியின் எல்லையும் ஆயிற்று. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஏழையை அவன் பிறந்த ஊருக்கே துரத்திவிட்டதும் உண்டு.

இனிக் கட்டட அமைப்பை நோக்குவோம். கிராமக் கோயில் பொதுவாக மேற்கு கிழக்காக நீண்டிருக்கும். மேற்கில் மணிக்கோபுரம், நடுவில் மக்கள் கூடும் நெடுங்கூடம், கிழக்கில் குருமார்க்குரிய உள்மண்டபமும் திருமேசையும். நெடுங்கூடத்தை அவர்கள் "நேவ்" என்பர். கப்பலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததென்பர். மரக்கூரையை அண்ணாந்து நோக்கினால் கவிழ்த்துவைத்த கப்பலின் அடிவயிறு போலவே தோன்றும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தோர் வழித்தோன்றல்களாகிய நமக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். உள்மண்டபத்தைச் செப்பனிடுதல் குருவின் கடன். நெடுங்கூடத்தைச் செப்பனிடுதல் ஊராரின் கடன். இவ்விரண்டிற்கும் இடையே சித்திரவேலைப்பாடமைந்த மரத்தட்டி ஒன்று நிற்கும். நம் கோயில்களிலே கருவறையும் மகாமண்டபமும் வேறுபடுத்தப்பட்டிருப்பதைப் போன்றதே இதுவும். கடவுளுக்கும் மக்களுக்கும் இடையே தட்டி கட்டுவது எந்த நாட்டுப் புரோகிதர்க்கும் தெரிந்த கலை போலும்!

மிகப் பழைய கோயில்கள் மரத்தால் ஆனவை. எசெக்ஸ் மாகாணத்துக் கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூரில், ஓக்கு மரங்களை நெடுக்கே பிளந்து நிறுத்திச் சுவராக்கிய கோயில் ஒன்று இன்றும் நிற்கின்றது. பதினோராம் நூற்றாண்டினது என்பர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் கற்கட்டடம் பெருகிற்று. அவர்கள் கட்டிய வளைவுகள் அரைவட்டமானவை, சுவர்கள் கோட்டைச் சுவர்போல் தடித்தவை, சாளரங்கள் சிறியவை. அரைவட்ட வளைவில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதன் உயரம் எப்பொழுதும் அகலத்திற் பாதியாகவே இருக்கும். அகலம் வேறுபடும் இரண்டு வளைவுகள் ஒரே உயரத்தில் வந்து கூடமாட்டா. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்த கூர்வளைவு இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது. இரு கைகளையும் கூப்பி விரல்நுனி தொட நிறுத்துவது போன்ற அவ்வளைவை எவ்வகலத்திற்கும் எவ்வுயரமாகவும் எழுப்பலாம். மேலும் அது சுமையைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழ்நோக்கியே செலுத்தும். எஞ்சிய தள்ளலைத் தாங்க வெளிப்புறத்தில் முட்டுச்சுவர்களை நிறுத்திவிட்டால், நடுச்சுவர் மெலியலாம், சாளரங்கள் விரியலாம், வெளிச்சம் உள்ளே வரலாம். ஞாயிற்றொளி அரிதாகிய குளிர்நாட்டில் இது எத்துணைப் பேறு என்பதைக் கூறவேண்டுவதில்லை. காதிக்குப் பாணி என்று பிற்காலத்தார் பெயரிட்டழைத்த கட்டடக்கலையின் உயிர்நிலை இதுவே.

கல்லும் ஊருக்கு ஊர் வேறுபடும். நார்போக்கு, சபோக்குப் பகுதிகளில் நல்ல கல் கிடையாது. வயலிற் பொறுக்கிய சிக்கிமுக்கிக் கற்களையே சாந்திற் பதித்துக் கட்டினர். மூலைக்கல் வெட்ட வழியின்மையால் அப்பகுதிக் கோபுரங்கள் பல வட்டமாயின என்று கூறுவாரும் உளர். உள்ளூர்க் கல், உள்ளூர் மரம், உள்ளூர்க் கொத்தன் ஆகிய மூன்றுமே அக்கோயில்களின் அழகிற்குக் காரணம். கட்டுவித்த பிரபுவின் உருவம் கல்லறையின்மேல் மல்லாந்து கிடக்கின்றது. கட்டிய கொத்தன் கல்லில் இட்ட சிறு குறியைத் தவிர அவனைப் பற்றி அங்கே வேறொன்றுமில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த சமயப் புரட்சி இக்கோயில்களின் உட்புறத்தை மாற்றிவிட்டது. சுவரெங்கும் தீட்டியிருந்த நரகக் காட்சிகளும் புனிதர் உருவங்களும் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்தன. 1538ஆம் ஆண்டில் இரண்டு கட்டளைகள் பிறந்தன. ஒவ்வொரு பாரிஷ் கோயிலிலும் ஆங்கில மொழியில் வேதப்புத்தகம் ஒன்று வைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. அவ்வூரில் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதனால் மக்கள் தம் தாய்மொழியில் வேதத்தைக் கேட்கும் உரிமை பெற்றனர். தமிழ்நாட்டுக் கோயில்களிலே தமிழுக்கு இடங்கேட்டு எத்தனை காலமாக வாதாட நேர்ந்திருக்கிறது என்பதை நினைவிற்கொண்டு இதனை மதிப்பிடுக. பின்னதனால் கூலியாளின் பெயரும் ஏடேறிற்று. பிரபுவின் மகன் பிறந்த பக்கத்திலேயே மாட்டுக்காரன் மகன் பிறந்ததும் எழுதப்பட்டது.

ஆனால் அந்தச் சமத்துவம் ஏட்டளவில் நின்றது. ஆலயத்தினுள் அமரும் ஆசனங்களுக்கு வாடகை வாங்கினர். செல்வர் தம் குடும்பத்திற்கென உயரமான மரத்தடுப்புகளாற் சூழப்பட்ட பெட்டி ஆசனங்களை அமைத்துக்கொண்டனர். சிலர் அதற்குள்ளே கணப்படுப்பும் வைத்துக்கொண்டனர்! ஏழைகட்குப் பின்புறத்திலும் நடைவழியிலும் வெறும் பலகைகளே கிடைத்தன. வெள்ளையரிடத்துச் சாதியில்லை என்று நம்மிற் சிலர் வியந்து பேசுவதைக் கேட்டிருக்கிறோம். பெயர்தான் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் பழைய கிராமக் கோயில்களின்மேல் புதுக்காதல் கொண்டனர். 1839இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் சிலர் ஒரு சங்கம் கண்டு, பெட்டி ஆசனங்களை அகற்றுக, காதிக்குப் பாணியிலேயே கட்டுக என்று ஊரூராகப் போதிக்கலாயினர். ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களைக் கண்டு வெறுத்தவர்களுக்குப் பழைய சிற்றூரே சொர்க்கமாகத் தோன்றிற்று. கப்பலேறிக் கீழ்த்திசைக்கு வந்த ஆங்கிலேயன் பெட்டி படுக்கைகளுடன் இக்கனவையும் உடன்கொண்டு வந்தான். அதற்கு முன்னரே சென்னைக் கோட்டைக்குள் 1680இல் புனித மேரி ஆலயம் எழுந்துவிட்டது. சூயஸுக்குக் கிழக்கே ஆங்கிலத் திருச்சபைக்குரிய கோயில்களுள் அதுவே மிகப் பழையது. ஆனால் அது குண்டுக்கஞ்சிய வியாபாரிகள் கட்டிய தடித்த கட்டடம். சிற்றூர்க் கனவு நீலகிரியிலே நனவாயிற்று. உதகமண்டலத்தில் 1831இல் திறக்கப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தைக் குளிர்காலை மூடுபனியிற் காண்போர் இங்கிலாந்திலேயே இருப்பதாக எண்ணுவர். அதன் உத்தரங்களோ ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுடைய அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இலங்கையில் டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே 1878இல் தோட்டத்துரைமார் எழுப்பிய வார்லி கிறிஸ்து ஆலயமும் அவ்வகையினதே. அதனைச் சூழ்ந்த தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளியவர் யாவர் என்பதை நம் தோட்டத்து வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுமோ?

இந்தச் சிங்கப்பூர்த் தீவிலே நாட்டுப்புறத்துக் கோயில் எதுவெனின், புக்கிட் பாத்தோக்கை அடுத்து மேல் புக்கிட் தீமா சாலையிலுள்ள புனித சூசையப்பர் ஆலயத்தைக் கூறலாம். அது ஆங்கிலேயருடையதன்று, பிரெஞ்சுப் பாதிரியார் அனத்தோல் மோதுயி என்பவர் 1846இல் தொடங்கியது. அக்காலத்தே இவ்வட்டாரமெல்லாம் அடர்ந்த காடு. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு இனமான காம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனக் குடியானவரே இங்கு வாழ்ந்தனர். முதற்கோயில் அத்தாப்பு வேய்ந்த குடிசை. கிறிஸ்துவரான குடியானவர் இரகசியச் சங்கங்களுக்கு அடங்காமையால் 1851இல் அச்சங்கத்தார் தோட்டந்தோட்டமாகப் புகுந்து கொள்ளையிட்டும் கொன்றும் பெருங்கொடுமை புரிந்தனர். அதன் பின்னரே செங்கற் கோயில் எழுந்தது. இப்போது அங்கே நிற்பது 1960களிற் கட்டிய புதிய ஆலயம். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடுகளிலிருந்து அவ்வழியே பஸ்ஸிற் செல்லும் நம்மவர் அதனைக் காணாதிரார். அச்சாலையையும் சற்றுக் காணுதல் வேண்டும். 1840களில் காட்டை வெட்டி, சதுப்பை மேடாக்கி, புக்கிட் தீமாவுக்கும் அப்பால் கிராஞ்சிக்கும் வழிசமைத்த வேலையில் இந்தியக் கைதிகளின் கை இருந்தது. அந்தக் காட்டிலே புலிகள் மனிதரைத் தூக்கிச் சென்ற காலம் அது; புலிவேட்டைக்கும் கைதிகளையே அனுப்பினர்.

இக்கைதிகள் யாவர்? சுமத்திராத் தீவிலிருந்த பென்கூலனை ஆங்கிலேயர் ஒல்லாந்தருக்குக் கொடுத்துவிட்டபோது, அங்கே தண்டனை அநுபவித்துவந்த இந்தியக் கைதிகள் 1825இல் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். பின்னர்ச் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்தும் தீவாந்தர சிட்சை பெற்றவர்கள் நேரே வந்தனர். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் இவர்கள் தொகை இரண்டாயிரத்தைக் கடந்தது. பிராஸ் பாசாவில் இருந்த சிறையைக்கூட இவர்களே கட்டிக்கொண்டனர். காவலரும் இவர்களுள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டனர். நன்னடத்தைக்கேற்ப ஆறு வகுப்புகளாகப் பிரித்து, ஆளுக்கொரு தொழில் கற்பித்தனர். சிராங்கூன் சாலையில் இவர்கள் நடத்திய சூளையிலே வெந்த செங்கற்கள் 1867இல் ஆக்ராவில் நடந்த பொருட்காட்சியில் பரிசு பெற்றன. புலாவ் ஊபினிலே கருங்கல் உடைத்தவர்களும் இவர்களே. ஜே.எப்.ஏ. மெக்நேர் என்னும் அதிகாரி இவர்களை மேய்த்த வரலாற்றை 1899இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். "கைதிகளே தம் காவலர்" என்பது அந்நூற்பெயரின் பொருள்.

இவர்கள் கையிலே எழுந்ததுதான் நகரின் நடுவில் நார்த் பிரிட்ஜ் சாலையோரத்துப் புல்வெளியில் வெண்ணிறமாய் விளங்கும் புனித ஆண்ட்ரூஸ் ஆலயம். அவ்விடத்தில் முதலில் நின்ற ஆலயம் வேறு. அதனை 1835-36இல் ஜார்ஜ் கோல்மன் என்னும் சிற்பி கட்டினார். ஸ்காத்துலாந்து வியாபாரிகள் பெரும்பொருள் உதவியமையால் அந்நாட்டுப் புனிதரின் பெயர் சூட்டப்பட்டது. 1842இல் ஜான் டர்ன்புல் தாம்சன் அதற்குக் கூர்ங்கோபுரம் சேர்த்தார். அடுத்த ஆண்டில் மரியா ரெவியர் பாலஸ்டியர் அம்மையார் ஒரு மணி வழங்கினார். அமெரிக்கத் தூதராகவும் கரும்புத் தோட்டக்காரராகவும் இருந்த அவர் கணவரின் பெயரையே நம் பாலஸ்டியர் சாலை தாங்கி நிற்கின்றது. கோபுரத்தின் மேல் 1845இலும் 1849இலும் இடி விழுந்தது. சுவர்கள் அபாயமாயின, 1852இல் கதவடைக்கப்பட்டது. கடவுளின் வீட்டின்மேலேயே இரண்டுமுறை இடி விழுமோ என்று ஊர் பேசிற்று. அதோடு நில்லாமல், ஆலயத்திற் குடிபுகுந்த பேய்களுக்கு மனிதத்தலை காவுகொடுக்க வேண்டுமென்றும், அதற்காகக் கைதிகளை அரசாங்கம் இரவில் ஏவியிருக்கிறதென்றும் 1853இல் ஒரு புரளி பரவிற்று. மக்கள் இருட்டியபின் வெளிவர அஞ்சினர். அரசாங்கம் மறுப்பு வெளியிட நேர்ந்தது. பாலங்கட்ட நரபலி வேண்டும் என்று நம் ஊர்களிற் பிள்ளைகளை மிரட்டுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? மூடநம்பிக்கைக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. தலைவெட்டி என்று பழிசுமத்தப்பட்ட அதே கைதிகளே மூன்றாண்டிற்குள் அவ்விடத்திற் கடைக்கால் தோண்டினர்.

1856ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டியவர் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன். இவரைப் பற்றி நம்மவர் அறியவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 1833இல் இவர் தென்னிந்தியத் திருச்சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்து, ஆலயத்தினுள் சாதி வேற்றுமை அடியோடு, அன்றே, முற்றாகக் கைவிடப்படுதல் வேண்டும் என்று கட்டளையிட்டார். ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறவும் ஒரே இடத்தில் அமரவும் மறுத்த வேப்பேரி, தஞ்சாவூர்க் கிறிஸ்துவர் பலர் கோயிலைவிட்டு வெளியேறினர். தமிழ்க் கிறிஸ்துவக் கவிஞராகிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே இக்கட்டளையை எதிர்த்துநின்றார். கத்தோலிக்கரிடத்தும் நிலைமை இதுவே. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் கால்சட்டையின் இரு கால்கள்போல் இரண்டு நெடுங்கூடங்களாகப் பிரிந்து பீடத்தினிடத்தே கூடுகின்றது. இரு சாதியாரும் பீடத்தைக் காணலாம், ஒருவரையொருவர் காணலாகாது! இடைச்சுவர் 1910இல் இடிக்கப்படுவதற்குள் பட்ட பாடு பெரிது. இங்கிலாந்துக் கிராமத்தான் பெட்டி ஆசனத்தோடு நின்றான். நம்மவரோ கட்டடக்கலையையே சாதிக்கு ஊழியம் செய்யவைத்தனர். வில்சன் பேராயர் இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து இங்கே அடிக்கல் நாட்டியபோது, அக்கல்லைச் சுமந்து நின்றவர்கள் பல சாதியார், பல மொழியார். ஒரே விலங்கு அவர்களைப் பிணித்திருந்தது.

ஆலயத்திற்கு வரைப்படம் அமைத்தவர் கைதிகளின் மேற்பார்வையாளராகிய ரானல்டு மெக்பெர்சன். அவர் உள்ளத்தில் நின்ற உருவம் ஹாம்ப்ஷயரில் பாழடைந்து கிடக்கும் நெட்லி மடத்தின் உருவம். அது பதின்மூன்றாம் நூற்றாண்டினது. ஆதி ஆங்கிலக் காதிக்குப் பாணியில் குறுகிய கூர்வளைவுச் சாளரங்களும் முட்டுச்சுவர்களும் உச்சிக்கூர்களும் வகுத்தார். கனத்த மணிக்கோபுரம் ஒன்றே முதலிற் கருதப்பட்டது. மண் தாங்காது என்பது கட்டும்போதே தெரிந்தமையால் அதனைக் கைவிட்டு மெல்லிய கூர்ங்கோபுரம் எழுப்பினர். ஆகவே இன்று நாம் புகழ்ந்து நோக்கும் அவ்வழகிய கூர்மை, சதுப்புமண் விதித்த கட்டளை என்க.

பூச்சுவேலையே இக்கோயிலின் சிறப்பு. இங்கிலாந்துச் சிற்றூர்க் கோயிலுக்கு வயற்கல் எவ்வாறோ அவ்வாறே இதற்குச் சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சற் சுண்ணாம்பை மணலின்றி எடுத்து, அதனோடு முட்டையின் வெண்கருவும் பனைவெல்லம் போன்ற கரடுமுரடான சர்க்கரையும் கூட்டி, பசைபோலாகும்வரை இடிப்பர். தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் கலப்பர். சுவரிற் பூசிக் காய்ந்தபின் உருண்டைக் கல்லாலோ பளிங்குக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவர். முடிவில் அது சலவைக்கல்போல் மின்னும், கல்போலவே இறுகும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைக் கையாற் தடவிப் பார்த்தவர்க்கு இவ்வித்தை புதிதன்று. ஆங்கிலப் பொறியியற் கல்லூரிகள் கற்பிக்காத இக்கைவேலை, கடல்கடந்து வந்த கொத்தர் விரல்களில் இருந்தது. நகரிலே கம்போங் காப்பூர் என்னும் மலாய்ப்பெயருக்கே சுண்ணாம்புக் கம்பம் என்று பொருள் என்பதையும் இங்கே குறிப்பது பொருந்தும்.

1861ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் வழிபாடு நடந்தது. மறுவருடம் சனவரியில் கல்கத்தாப் பேராயர் காட்டன் அதனைப் பிரதிட்டை செய்தார். கிழக்குச் சாளரங்கள் மூன்றனுள் ஒன்று ராபிள்ஸுக்கு, ஒன்று கிராபர்டுக்கு, ஒன்று பட்டர்வொர்த்துக்கு உரியன. மெக்பெர்சன் 1869இல் இறந்தபின் ஆலய வளாகத்திலேயே அவருக்கு ஞாபகச்சின்னம் அமைந்தது. மெக்பெர்சன் சாலையும் அவர் பெயரே. மெக்நேருக்கும் சிராங்கூன் சாலைக்கருகே ஒரு சாலை உண்டு. ஐந்தாண்டுக்கு மேல் கல் சுமந்து, சாந்து இடித்து, சுவர் தேய்த்தவருள் எவர் பெயரில் சாலை உண்டு? சிறைப்பதிவில் அவர்களுக்கு எண் இருந்தது. 1538ஆம் ஆண்டுக் கட்டளை ஆங்கிலக் கிராமத்து மாட்டுக்காரனுக்குக் கொடுத்த ஒருவரி ஏட்டுப்பதிவுகூட, அக்கிராமக் கோயிலின் சாயலைக் கடல்கடந்து கட்டியவனுக்குக் கிட்டவில்லை.

இவ்விடத்து நம்மவருள் மிகைபடப் பேசுவோரையும் சிறிது மறுத்துரைக்க வேண்டும். "தமிழன் கட்டிய ஆலயம்" என்று மார்தட்டுவது நேர்மையாகாது. கைதிகளுள் வங்காளியும் மராத்தியனும் தெலுங்கனும் இந்துஸ்தானியும் இருந்தனர். அனைவரும் குற்றமற்ற தியாகிகள் என்பதும் பொய்; கொலைஞரும் கொள்ளைக்காரரும் அவருட் பலர். பஞ்சத்தாற் திருடியவரும் இருந்தனர். ஆட்சியை எதிர்த்தவரும் இருந்தனர். அவர்களைக் குற்றவாளிகள் என்று கூறியே, 1857 கலகத்திற்குப் பின் மேலும் கைதிகளை இங்கே அனுப்பலாகாதென்று ஐரோப்பிய வியாபாரிகள் கூக்குரலிட்டனர். அவர்கள் ஞாயிறுதோறும் தொழச்சென்ற ஆலயத்தின் சுவர் அப்பொழுது அக்குற்றவாளிகளின் கையில்தான் உயர்ந்துகொண்டிருந்தது. நாம் கோருவது பெருமையன்று, கணக்கு.

வெற்றி பெற்றவன் தோற்றவன் கையால் கோயில் கட்டுவிப்பதற்குப் புக்கிட் பாத்தோக்கிலேயே மற்றொரு சான்று உண்டு. 1942 பிப்ரவரியில் சப்பானியர் நெருங்கியபோது ஆண்ட்ரூஸ் ஆலயம் காயமுற்றோர் கிடக்கும் ஆஸ்பத்திரியாயிற்று. மேல் புக்கிட் தீமாச் சாலையிலுள்ள போர்டு மோட்டார்த் தொழிற்சாலையிலே பிப்ரவரி 15ஆம் நாள் ஆங்கிலப் படை சரணடைந்தது. சில திங்களுக்குள், அதற்கருகே புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில், மாண்ட தம் வீரர்க்கெனச் சப்பானியர் ஒரு நினைவாலயம் எழுப்பினர். குன்றேறும் பாதையை வெட்டியவர்களும் படிகளை அமைத்தவர்களும் சிறைப்பட்ட ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியருமே. தம்முள் இறந்தோர்க்காக அவர்கள் அதன் பின்புறத்தே ஒரு மரச்சிலுவை நிறுத்திக்கொள்ளச் சப்பானியர் இடங்கொடுத்தனர். 1945இல் சரணடையுமுன் சப்பானியரே நினைவாலயத்தை அழித்துவிட்டனர். படிகள் எஞ்சி நிற்கின்றன.

தீவாந்தரக் கைதிகளின் கதைக்கு முடிவு அமைதியானது. இந்தியாவிலிருந்து கைதிகள் வருவது நின்றது; 1867இல் இக்குடியேற்றங்கள் இலண்டன் அரசாங்கத்தின் நேராட்சிக்கு மாறின. 1873இல் கைதிச்சிறை கலைக்கப்பட்டது. தண்டனை முடியாத ஆயுட்கைதிகள் சிலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலையடைந்தவருட் பலர் ஊர் திரும்பவில்லை. கற்ற தொழிலைக்கொண்டு கொத்தராகவும், மாட்டுவண்டி ஓட்டிகளாகவும், பால்காரராகவும் இந்நகரிலேயே கலந்து வாழ்ந்தனர். அவர் வழிவந்தோருள் சிலர் இன்றும் நம்மிடையே இருத்தல் கூடும். பாட்டன் பெயர் ஏட்டில் இல்லாமையால் அவர்களே அதனை அறியார்.